தங்கமலைப் பக்கம்

மொனராகலை பஸ் நிலையத்தில் விடிகாலை ஐந்தரைக்கே கழுத்து வேர்க்கும். ஊருக்கு மேலே நிற்கிற பாறை மலைக்குச் சிங்களத்தில் மொனர கல என்று பெயர், மயில் கல். அந்தக் கல்லின் அடிவாரத்து றப்பர் தோட்டத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். மலையகம் என்றதும் தேயிலையும் பனியும் கம்பளியும் நினைவுக்கு வருகிறவர்களின் கணக்கில் எங்கள் ஊர் வருவதே இல்லை. எங்களுக்குப் பனி கிடையாது, கொழுந்துக் கூடையும் கிடையாது. இருட்டோடு எழுந்து மரம் மரமாகப் போய்ப் பால் வெட்டுகிற வேலை. வெயில் ஏறிவிட்டால் பாலோட்டம் குறைந்துவிடும். சூரியனை முந்தியாக வேண்டும். பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவல், அதன் வழியே வெள்ளை நூலாக இறங்கும் பால், கீழே கம்பியில் தொங்கும் சிரட்டை. அம்மாவின் விரலிடுக்கில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து, உருண்டை பிடித்து விளையாடியிருக்கிறேன்.

அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாயி, அப்புத்தளையில் பிறந்தவள். கல்யாணம் கட்டித்தான் இந்தச் சூட்டுக்கு இறங்கி வந்தாள். சாகும்வரை அவளுக்கு அப்புத்தளை 'மேல'தான். "மேல இந்நேரம் பனி எறங்கிருக்கும்" என்பாள், எங்கள் முற்றத்தில் புழுதி பறக்கும்போது. "மேல வெள்ளக்காரன் ஊரு ஒன்னு கட்டி வச்சிருக்கான். அவன் நாட்டுல எப்புடியோ அதே மாரி." பதுளைக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஊவா மாகாணத்தின் தலைநகரம் அது. ஆஸ்பத்திரி, கந்தோர், கல்யாணச் சாமான் எல்லாவற்றுக்கும் எங்களுக்குப் பெரிய டவுன் அதுதான். அதற்குப் பக்கத்து மலை முகட்டில் இருக்கிற அப்புத்தளைக்குப் போக மட்டும் நாற்பது வயதாகிவிட்டது.

பசறை வழியாகப் பதுளைக்கு ஏறி, அங்கிருந்து ரயிலில் போகலாம். நான் மற்ற வழியை எடுத்தேன். கொழும்பு பஸ்ஸில் புத்தல, வெல்லவாய, கொஸ்லந்தை தாண்டிப் பெரகலைச் சந்தியில் இறங்கி, அங்கே பஸ் மாறுவது. அம்மாயி கல்யாணச் சேலையோடு இறங்கி வந்த பாதை அது. அதே பாதையில் ஏறிப் பார்க்க ஆசை.

ஆகஸ்ட் மாதம். பாதையின் இரு பக்கமும் புல் கருகிக் கிடந்தது. இந்தச் சமவெளிக்குப் பழைய பெயர் வெல்லஸ்ஸ, அதாவது லட்சம் வயல். 1817இல் ஊவாவும் வெல்லஸ்ஸவும் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தன. பதுளையில் இருந்த அரச அதிபர் சில்வெஸ்டர் வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை கிளர்ச்சிக்காரர்களோடே சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26இல் கண்டியில் அவருடைய தலை வெட்டப்பட்டது. ஆளுநர் பிரவுன்றிக்கின் படை நெல்லைக் கொளுத்தியது, மாடுகளைக் கொன்றது, குளங்களை உடைத்தது. அந்தப் பஞ்சத்திலிருந்து வெல்லஸ்ஸ பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று எங்கள் ஊர்ச் சிங்களப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நான் பார்க்கப் போகிற அழகான ஊரைக் கட்டியவர்களும் இந்த வயல்களை எரித்தவர்களும் ஒரே அரசாங்கத்துக்காரர்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகும்போது இதை மறக்க முடியவில்லை.

புத்தலவில் கரும்புத் தோட்டங்கள். அங்கிருந்து ஒரு பாதை காட்டுக்குள் புகுந்து கதிர்காமத்துக்குப் போகிறது. கதிர்காமமும் எங்கள் மொனராகலை மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வெல்லவாய தாண்டியதும் சமவெளி முடிந்துவிடுகிறது. எதிரே சுவர் எழுப்பியது போல மலை. பஸ் முதல் கியரில் முனக ஆரம்பித்தது. இடது வலதாக வளைந்து வளைந்து ஏறும்போது, கொஸ்லந்தைக்கு முன்னால் தியலுமா நீர்வீழ்ச்சி தெரிந்தது. 220 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் பாதைக்கே சாரல் வருமாம். நான் பார்த்தபோது பாறை மேல் ஈரக் கோடாகத்தான் இருந்தது.

கொஸ்லந்தையில் பஸ்ஸிலிருந்த இரண்டு பெண்கள் மேலே மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கோயில் எதுவும் கண்ணில் படவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. மேலே இருப்பது மீரியபெத்தைத் தோட்டம். 2014 அக்டோபர் 29, தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம். காலை வேளையில் மலை பிளந்து இறங்கி, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை மூடியது. மண்ணுக்குள் போனவர்களில் பலரை எடுக்கவே முடியவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மாற்றுவதென்றால் வீடு கட்ட நிலம் வேண்டும். தோட்டத்து மக்களுக்கு அந்த நிலம் சொந்தமில்லை; நூற்றைம்பது வருடம் வாழ்ந்த பிறகும் லயத்துக் காம்பரா தோட்டத்துடையது. எச்சரிக்கை கிடைத்தும் அவர்கள் அங்கேயே படுத்துறங்கியதற்குக் காரணம் அதுதான். அதை விதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரகலைச் சந்தியில் இறங்கியபோது முதல் தடவையாகக் காற்று குளிர்ந்தது. இன்னொரு பஸ், இன்னும் சில வளைவுகள், பிறகு அப்புத்தளை.

கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 4,700 அடி. ஊர் ஒரு கத்தியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. கடைத் தெருவின் தெற்கு முனையில் நின்றால், கால் விரலுக்குக் கீழே நிலம் அப்படியே விழுந்து சமவெளியாகிறது. திரும்பி நாலு எட்டு வைத்தால் வடக்கே ஊவாப் பள்ளத்தாக்கு, மடிப்பு மடிப்பாக மலைகள், தூரத்தில் நமுனுகுலை. தெற்கே விழுகிற மழை வறண்ட நாட்டைக் கடந்து தென்கடலுக்குப் போகிறது. வடக்கே விழுகிற மழை மகாவலியில் சேர்ந்து திருகோணமலைப் பக்கம் போகிறது. ஒரே கூரையின் இரு தாழ்வாரம் போல. மத்தியானம் ஆனதும் தெற்குப் பள்ளத்திலிருந்து பஞ்சுப் பொதி போல மேகம் ஏறி வந்து, கடைத் தெருவைக் கடந்து, வடக்கே இறங்கிப் போனது. மரக்கறிக் கடைக்காரர் அதற்காக வியாபாரத்தை நிறுத்தவில்லை. மேகத்துக்குள்ளிருந்தே கரட் நிறுத்துக் கொடுத்தார்.

ஊர் என்றால் ஒரு தெரு, ஒரு சந்தை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை. ரயில் பாதை கடைகளுக்கு நடுவிலேயே போகிறது. தண்டவாளம்தான் சனங்களுக்கு நடைபாதை. கடைகளில் தமிழும் சிங்களமும் கலந்து கேட்டது. அம்மாயி சொன்ன வெள்ளைக்காரன் ஊர் எங்கே என்று தேடினேன். அது தெருவில் இல்லை. தெருவுக்கு மேலே, மரங்களுக்குள், எட்டத்தில் இருக்கிறது. டவுனை எங்களுக்கும் வியாபாரிகளுக்கும் விட்டுவிட்டு, குன்றுகளின் உச்சியில் அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

ஆங்கிலேயர் இங்கே முதலில் வந்தது கோப்பிக்காக. அதற்கும் முன்னால் பாதைக்காக. பதுளையில் அதிகாரியாக இருந்து ஊவாவெங்கும் பாதை வெட்டுவித்த மேஜர் தோமஸ் றொஜர்ஸ், 1845 ஜூன் 7ஆம் தேதி இந்த அப்புத்தளையில்தான் மின்னல் தாக்கி இறந்தார். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் நினைவாகக் கட்டியதுதான் பதுளைப் புனித மாற்கு தேவாலயம். அத்தனை யானைகளைக் கொன்ற பாவத்துக்குத்தான் வானம் இடித்தது என்று சிங்கள நாட்டுப்புறத்திலும் சொல்வார்கள், எங்கள் லயங்களிலும் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டே வளர்ந்தேன்.

1869இலிருந்து இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. தேயிலைப் பெட்டியை மலையிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க ரயில் வேண்டியிருந்தது. நானுஓயா வரை 1885இல் வந்த பாதை பட்டிப்பொல மேட்டைத் தாண்டி 1893இல் அப்புத்தளையையும் அடுத்த வருடம் பண்டாரவளையையும் தொட்டது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. இடையில் தெமோதரையில் பாதை தன்னையே சுற்றிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. இன்று உலகமெங்குமிருந்து வருகிறவர்கள் இந்த ரயிலின் வாசலில் தொங்கிப் படம் எடுக்கிறார்கள். அவர்களுடைய சந்தோஷத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அப்புத்தளை ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது என் காதில் விழுந்தது வேறு சத்தம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியான எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று பங்கு போட்டது. பாஸ்போட் வந்தவர்கள் தகரப் பெட்டியும் பாயுமாக இந்த மேடையிலிருந்துதான் தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்டார்கள். கோச்சி ஊதியதும் ஏறியவர்களும் அழுவார்கள், நின்றவர்களும் அழுவார்கள். மலையகமெங்கும் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. அம்மாயியின் தங்கையை அனுப்ப மொனராகலையிலிருந்து அம்மாயி ஏறி வந்தாளாம், இரண்டு பஸ் மாறி. தங்கைக்கென்று ஒரு சுண்டுத் தேயிலைத் தூளை முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தாள். கூட்டத்தில் கொடுக்க முடியவில்லை. அந்தத் தூளை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்து, வெகுநாள் குடிக்காமல் வைத்திருந்தாள் என்று அம்மா சொல்வாள். மேடை சின்னதுதான். அத்தனை பேர் எப்படி நின்றிருப்பார்கள் என்று தெரியவில்லை.

தேவாலயத்துக்கு நடந்தேன். புனித அந்திரேயர் ஆலயம், 1869இல் கட்டியது. கருங்கல், மரக் கூரை, சுற்றிலும் கல்லறைகள். தோட்டத் துரைமார், அவர்களுடைய மனைவிமார், அவர்கள் இங்கே புதைத்துவிட்டுப் போன குழந்தைகள். ஸ்காட்லாந்திலோ இங்கிலாந்திலோ இன்ன ஊரில் பிறந்தவர் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சின்னஞ்சிறு கல்லறைகள் முன்னால் நிற்கும்போது யார் எவர் என்ற பேதம் மனதில் வருவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு நிறமில்லை. கண்டி திரித்துவக் கல்லூரியில் படிப்பித்த கவிஞர் வால்டர் ஸ்டான்லி சீனியர் 1938இல் இங்கிலாந்தில் இறந்தார். அவருடைய சாம்பலைக் கடல் கடந்து கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். சொந்த நாட்டில் செத்தவர் அப்புத்தளை மண்ணில் படுக்க ஆசைப்பட்டிருக்கிறார்.

பிறகு ஆதிஷம். டவுனிலிருந்து மேற்கே, தேயிலைக்கும் காட்டுக்கும் இடையில் நடந்து போகிற தூரம். காடு திறந்ததும் கருங்கல் மாளிகை. உயர்ந்த புகைக்கூடுகள், நீண்டொடுங்கிய ஜன்னல்கள், முன்னால் ரோஜாத் தோட்டம். சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்பவர் 1931இல் கட்டி முடித்தது. பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரஸல் பிரபுவின் பேரன். 1887இல் இலங்கைக்கு வந்து தோட்டத் தொழில் பழகி, கொழும்பில் பெரிய வணிக நிறுவனத்தின் தலைவரானார். தகப்பனார் பாதிரியார். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், கான்டர்பரி என்ற பெரிய கோயில் நகரத்துக்குப் பக்கத்தில் ஆதிஷம் என்று ஒரு சிற்றூர். பாதிரியாரின் மகனாக அவர் பிறந்தது அங்கே. கென்ட்டிலேயே உள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலில் மாளிகையை எழுப்பி, தான் பிறந்த சிற்றூரின் பெயரையே அதற்கு வைத்தார்.

வரவேற்பறையும் நூலகமும்தான் பார்க்க விடுகிறார்கள். 1960களிலிருந்து அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். மர அலமாரியில் தோல் கட்டிய புத்தகங்கள், கனல் அணைந்த கணப்படுப்பு, அதன் மேல் விளிம்பில் வருடக்கணக்காகக் கை பட்டு மழுங்கிய ஒரு இடம். அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். நாற்பது வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் உழைத்த ஒரு மனிதர், முதுமையில் தன் பிள்ளைப்பருவத்து ஊரைக் கல்லில் கட்டிப் பார்த்திருக்கிறார். அந்த ஏக்கம் எனக்குப் புரிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அவரும் போய்விட்டார். பெயர் மட்டும் மலையில் நிற்கிறது. வெளியே துறவிகள் விற்கும் ஸ்ட்ரோபெரி ஜாம் ஒரு போத்தல் வாங்கினேன்.

ஆனால் மாளிகையைச் சுற்றி நிற்கிற காட்டுக்குப் பெயர் தங்கமலை. பறவைகள் சரணாலயத்தின் அரசாங்கப் பெயரே அதுதான். சுத்தத் தமிழ்ப் பெயர். யார் வைத்தது? கல் சுமந்தவர்களா, கோப்பிக்குக் காடு வெட்டியவர்களா? அவர்களுடைய பெயர் எங்கும் எழுதியில்லை. மாலை வெயில் அந்த உச்சியில் மட்டும் நின்று மஞ்சளித்ததைப் பார்த்தபோது ஏன் அப்படி அழைத்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரவு டவுனில் ஒரு சிறிய விடுதியில் தங்கினேன். கூரைத் தகரத்தை ராத்திரி முழுக்கக் கச்சான் காற்று அடித்தது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை இந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு வறண்டு இந்தப் பக்கம் வரும். அந்த வறட்சியில் கொழுந்து வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு உள்ளே சாரத்தைச் சேர்க்கிறது. அந்த மாதங்களின் சாயத்தில் தொண்டையைக் குளிர்விக்கிற ஒரு வாசம் இருக்கும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் அந்த வாசத்தால்தான். அம்மாயி காலையில் தூளை முகர்ந்தே கச்சான் தூளா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

காலையில் தம்பேதென்னைக்குப் பஸ். கிளாஸ்கோ நகரத்து மளிகைக் கடைக்காரர் தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டங்களில் ஒன்று. லேமஸ்தோட்டை, மொனராகந்தை என்று இன்னும் சில. மொனராகந்தை என்றாலும் மயில் மலைதான்; எங்கள் ஊர்ப் பெயரின் அண்ணன் தம்பி. இடைத்தரகரில்லாமல் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்று விளம்பரம் செய்து அவர் உலகப் பணக்காரரானார். கூடை சுமந்த எங்கள் பெண்ணின் படம் அவருடைய விளம்பரங்களில் ஊர் ஊராகப் போனது. தொழிற்சாலையைக் கடந்து தேயிலை நடுவே ஏறினால் அவர் உட்கார்ந்து பார்த்த இடம் என்று ஓர் உச்சி வருகிறது. நான் போனபோது மேகம் இன்னும் எழும்பவில்லை. தெற்கே, வெகு ஆழத்தில், வெல்லவாயச் சமவெளி பழுப்பாகக் கிடந்தது. அதன் கிழக்கு ஓரத்தில் எங்கேயோ எங்கள் றப்பர் மரங்கள்.

இறங்கும் வழியில் ஒரு தோட்டத்தின் கொழுந்து மடுவத்தில் நின்றேன். மத்தியான நிறுவை. தொங்கு தராசில் சாக்கை மாட்டியதும் முள் துடித்து நின்றது. கூடைக்கும் தண்ணீருக்குமென்று கழித்துவிட்டு எண்ணைச் சத்தமாகச் சொன்னார்கள். சாக்கைக் கொண்டுவந்த பெண் ஒன்றும் சொல்லாமல் துண்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஐம்பது வயதிருக்கும். விரல் நுனிகள் கறை ஏறிக் கறுத்து, வெடித்திருந்தன. பாலில் வெளுத்த அம்மாவின் விரல்களோடு என் மனம் அவற்றைச் சேர்த்து வைத்தது.

"பதினெட்டு கிலோ எடுத்தாத்தான் பேரு தம்பி. கச்சான்ல எங்க கெடைக்கும்? இன்னிக்கி அரைப் பேருதான்" என்றாள். பேர் என்றால் ஒரு நாள் முழுச் சம்பளம். ஆயிரம் ரூபாய்க்காகப் பல வருடம் கத்தி 2021இல் வாங்கினார்கள். 2024இல் அது 1,350 ஆனது. உலகம் விலை கொடுத்துக் கேட்கிற வாசம் கொழுந்தில் ஏறுகிற அதே மாதங்களில், பறிப்பவளுக்குப் பேர் கிடைப்பதில்லை. இந்தக் கணக்கை மாற்றாமல் ஊவாத் தேயிலையின் புகழைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அவளும் நான் போகிற வழியேதான் போனாள். ஒரு முடக்கில் நின்று கீழே சரிவைக் காட்டினாள். மற்ற இடத்தைப் போலத்தான் இருந்தது. தேயிலை, நடுவில் இரண்டு சவுக்கு மரம்.

"அதான் எங்க சுடுகாடு. அப்பாவோட தாத்தா அந்த ரெண்டாவது சவுக்குக்குக் கீழ இருக்காரு. அப்ப அது நடாத மலை. பொறவு தேயில வச்சுட்டாங்க."

கல்லோ சிலுவையோ ஒன்றுமில்லை. அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கேட்டேன்.

"மணப்பாறைப் பக்கம்னு சொல்லுவாங்க. பக்கம்னா எந்த ஊருன்னு அப்பாவுக்கே தெரியல." கூடைக் கயிற்றை நெற்றியில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒங்களுக்கு எந்த ஊரு தம்பி?" என்றாள்.

"மொனராகலை அக்கா."

"அது தெரியுது. அங்கிட்டு? இந்தியாவுல?"

"துறையூர்ப் பக்கம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பள்ளத்திலிருந்து மேகம் ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டாவது சவுக்கு முதலில் மறைந்தது. லயத்துப் பக்கம் கிளை பிரிகிற ஒற்றையடிப் பாதையில் அவள் இறங்கினாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.